கேள்வித்தாள்ல நூத்துக்கு நூறு, கேஸ் ஷீட்ல செஃப்ட்ரியாக்ஸோன்

வருஷா வருஷம் நவம்பர் 18ல இருந்து 24 வரைக்கும் ஆன்ட்டிமைக்ரோபியல் ரெசிஸ்டன்ஸ், அதாவது கிருமிக்கு மருந்து கேக்காம போறது, அதுக்கான விழிப்புணர்வு வாரம். அந்த வாரம் எங்க காலேஜ் காரிடார் பூரா சார்ட் பேப்பர் தான். பாக்ஸிங் கிளவுஸ் மாட்டின பாக்டீரியா, முதுகுல துணி கட்டிட்டு பறக்குற கேப்ஸ்யூல், கீழ கலர் பென்சில்ல ஒரு ஸ்லோகன். பேட்ச் தான் மாறுது, பாக்டீரியா அதே மூஞ்சியோட தான் வருது. ஜட்ஜா என்னைய புடிச்சு உக்கார வச்சிடுவாங்க, மைக்ரோபயாலஜில அந்த நேரத்துக்கு வேற யாரும் கைல சிக்க மாட்டாங்க. எம்பிபிஎஸ் ரெண்டாம் வருஷத்துக்கு கிளாஸ் எடுக்குறேன், நர்சிங் பசங்களுக்கும் பார்மசி பசங்களுக்கும் எடுக்குறேன், அதனால மூணு கூட்டத்தோட போஸ்டரையும் பாத்தாச்சு, மூணு கூட்டத்தோட பதிலையும் கேட்டாச்சு.

போஸ்டரோட சேந்து வர்ற இன்னொரு ஐட்டம் கூகுள் ஃபார்ம். கேஏபி சர்வேன்னு சொல்லுவாங்க, என்ன தெரியும், என்ன நெனைக்கிறீங்க, என்ன செய்றீங்கன்னு மூணையும் கேக்குறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில், அதான் ஐசிஎம்ஆர்ல, யூஜி பசங்களுக்குன்னே எஸ்டிஎஸ்னு ரெண்டு மாச ஆராய்ச்சி ப்ராஜெக்ட் ஒன்னு இருக்கு, அதுக்கு டாபிக் தேடுற பாதி பேர் கடைசியில இந்த கேஏபில தான் வந்து நிப்பாங்க. ஏன்னா ஹாஸ்டல் வாட்ஸ்அப் குரூப்ல லிங்க்க போட்டா ராத்திரிக்குள்ள ஃபார்ம் நெறஞ்சிடும், ஊசி குத்த வேணாம், ரத்தம் எடுக்க வேணாம், எத்திக்ஸ் கமிட்டியும் ரொம்ப நோண்டாது. ரிசல்ட்டும் முன்கூட்டியே தெரிஞ்சது தான். அறிவு நல்லா இருக்கு, மனோபாவம் அதைவிட நல்லா இருக்கு, நடைமுறைன்னு வரும்போது மட்டும் பார் கிராஃப் படுத்துக்கும். நான் படிச்ச பேப்பர்ல முக்காவாசி இந்த கதை தான், எந்த நாட்டுப் பசங்கன்னாலும்.

வைரஸுக்கு ஆன்ட்டிபயாட்டிக் வேலை செய்யுமா? செய்யாது. சளிக்கு போடலாமா? கூடாது. டாக்டர் சீட்டு இல்லாம வாங்கலாமா? கூடவே கூடாது. அத்தனை பேரும் கரெக்ட்டா டிக் அடிச்சிருப்பான். கிளாஸ்ல நான் வேற மாதிரி கேப்பேன், போன தடவை தொண்டை கட்டி காய்ச்சல் வந்தப்ப என்னப்பா போட்டன்னு. ஒரு அமைதி, அப்புறம் ஒரு சிரிப்பு, அப்புறம் பின் பெஞ்ச்ல இருந்து "அசித்ரோ 500, மூணு நாள் மேம்". அசித்ரோமைசின், ஆன்ட்டிபயாட்டிக் தான். எழுதிக் குடுத்தது யாருன்னு கேட்டா ரூம்மேட், இல்லன்னா சீனியர், இல்லன்னா அவனே. எக்ஸாம் நெருங்குது மேம், ரிஸ்க் எடுக்க முடியாதுல்லம்பான். இதுல எனக்கு கோவமே வர்றதில்ல, ஏன்னா அவன் சொல்றது பொய் இல்ல, அந்த நேரத்துல அவன் டாக்டர் இல்ல, நாளன்னைக்கு இன்டெர்னல் இருக்குற ஒரு பையன், அவ்ளோ தான்.

அதனால தான் "மாணவர்களிடையே விழிப்புணர்வு போதவில்லை"ன்னு ஒவ்வொரு பேப்பரும் முடிக்கிறதைப் பாத்தா எனக்கு எரிச்சலா வரும். விழிப்புணர்வெல்லாம் மூட்டை மூட்டையா இருக்குங்க. அவங்க ஆன்ட்டிபயாட்டிக் எழுதக் கத்துக்குற இடம் கிளாஸ் ரூமே கெடையாது, வார்டு. அங்க சிலபஸ் வேற.

ஆனா தெரியுதுன்னு சொல்றேன்ல, அதுலயும் ஒரு ஓட்டை இருக்கு. உலக சுகாதார நிறுவனம் 2015ல 12 நாட்டுல பொதுமக்கள்கிட்ட ஒரு சர்வே எடுத்தாங்க, இந்தியாவும் அதுல உண்டு. 76 சதவீதம் பேர் ரெசிஸ்டன்ஸ்ங்கறது நம்ம உடம்புக்கு மருந்து பழகிப் போறதுன்னு நெனைச்சிட்டு இருந்தாங்க. 64 சதவீதம் பேர் சளி, ஃப்ளூவுக்கெல்லாம் ஆன்ட்டிபயாட்டிக் கேக்கும்னாங்க. ஜனங்க சொன்னா பரவால்ல. ஃபைனல் இயர் பையன் வார்டுல பேஷண்டுகிட்ட பேசும்போது "அடிக்கடி போட்டா உடம்பு பழகிடும் பாட்டி, அப்புறம் கேக்காது"ன்னு சொல்றத நானே கேட்டிருக்கேன். பரிட்சைல கேட்டா பீட்டா லாக்டமேஸ், எஃப்ளக்ஸ் பம்ப், போரின் லாஸ்னு கிருமி மருந்துல இருந்து தப்பிக்கிற வழியெல்லாம் ரெண்டு பக்கம் படத்தோட எழுதுவான். பாட்டிகிட்ட பேசும்போது மட்டும் அவனுக்குள்ள இருக்குற அவங்க அம்மா பேசுறாங்க.

உடம்பு பழகலைங்க, கிருமி தான் மாறுது. அதுவும் நீங்க அடிக்க நெனைச்ச கிருமி கூட இல்ல பல நேரம். தொண்டைக்குன்னு அசித்ரோ முழுங்குறோம், அது தொண்டைக்கு மட்டுமா போகுது, வயித்துக்குள்ள கோடிக்கணக்குல குடியிருக்குற ஈ.கோலை, க்ளெப்சியெல்லான்னு பாக்டீரியா எல்லாத்து மேலயும் தான் விழுது, அதுல தாக்குப் பிடிக்கிற ஜீன் வச்சிருந்த ஒன்னு ரெண்டு தப்பிச்சு, மத்ததெல்லாம் செத்த எடத்துல பெருகி, அந்த ஜீன் பிளாஸ்மிட்ங்கற கைமாத்தக்கூடிய டிஎன்ஏ துண்டுல இருந்தா பக்கத்துல இருக்குற வேற ஜாதி பாக்டீரியாவுக்கும் தூக்கிக் குடுத்துட்டு, சத்தமில்லாம உக்காந்திருக்கும். அந்த ஆளுக்கு தொண்டை எப்பவோ சரியாயிருக்கும், அது வைரஸ், தானா சரியாகுறது தான். ஆறு மாசம் கழிச்சு யூரினரி இன்ஃபெக்ஷன்னு வருவாங்க, அப்ப கல்ச்சர்ல, அதாவது யூரின்ல இருக்குற கிருமிய லேப்ல வளத்துப் பாக்கும்போது தெரியும் உள்ள யாரு உக்காந்திருக்காங்கன்னு.

ஃப்ளெமிங் 1945 டிசம்பர்ல நோபல் உரைலயே இதப் பத்தி சொல்லிட்டாரு. ஒரு ஆளு தொண்டை வலிக்கு தானே பென்சிலின் வாங்கி கம்மியா போட்டுக்குறாரு, ஸ்ட்ரெப்டோகாக்கஸ் சாகாம ரெசிஸ்டன்ட் ஆயிடுது, அது பொண்டாட்டிக்கு ஒட்டி, பென்சிலின் கேக்காம அந்தம்மா செத்துப் போறாங்கன்னு ஒரு கற்பனைக் கதை. இத நான் கிளாஸ்ல சொல்லிட்டு, சரி, அவர் பயந்த மாதிரி நடந்துச்சான்னு கேப்பேன். எல்லாரும் ஆமாம்பாங்க. தொண்டைய புடிக்கிற குரூப் ஏ ஸ்ட்ரெப் இன்னிக்கு வரைக்கும் பென்சிலினுக்கு கட்டுப்படுது! எத்தனையோ பத்து வருஷமா குடுத்தும் அது பென்சிலின் ரெசிஸ்டன்ட் ஆகல. ஆனது எல்லாம் சுத்தி நின்னு வேடிக்கை பாத்த மத்த பயலுக. இந்த ஒரு விஷயம் சொன்னா தான் பசங்க நோட்டுல இருந்து தலைய தூக்குறாங்க.

இன்னொன்னு சொன்னாலும் தூக்குவாங்க, அது என்டிஎம்-1 கதை. நியூ டெல்லி மெட்டல்லோ பீட்டா லாக்டமேஸ், கார்பபெனம் மாதிரி பெரிய ஆன்ட்டிபயாட்டிக்கையே உடைச்சுப் போடற ஒரு என்சைம். பேர்ல டெல்லி இருக்குறதால ஏதோ வடக்கத்தி சமாச்சாரம்னு நெனைச்சிட்டு இருப்பாங்க. டெல்லில ஆஸ்பத்திரில இருந்துட்டு ஸ்வீடன் திரும்பின ஒரு பேஷண்டோட யூரின்ல 2008ல மொதல்ல புடிச்சாங்க, பேர் அப்படி வந்துச்சு. ஆனா 2010 ஆகஸ்ட்ல லான்செட் இன்ஃபெக்ஷியஸ் டிசீஸஸ்ங்கற மெடிக்கல் ஜர்னல்ல வந்த பேப்பர், டிவி சேனல் வரைக்கும் சண்டை ஆச்சே அந்த பேப்பர், அதோட மொத ஆத்தர் கார்த்திகேயன் குமாரசாமி, மெட்ராஸ் யூனிவர்சிட்டி, தரமணி கேம்பஸ். அதுல அந்த என்சைம் இருக்குற ஐசொலேட், அதாவது சாம்பிள்ல இருந்து பிரிச்செடுத்த கிருமி, சென்னைல இருந்து மட்டும் 44, ஹரியானா 26, இங்கிலாந்து 37. நாட்டு மானம் போச்சு, மெடிக்கல் டூரிஸத்த கெடுக்க சதின்னு பார்லிமென்ட் வரைக்கும் கத்தினாங்க, அதுல அந்த நம்பரை யாரும் சரியா பாக்கவே இல்ல. ரெண்டு வருஷம் கழிச்சு 2012ல தொற்றுநோய் நிபுணர் டாக்டர் அப்துல் கஃபூர் முன்ன நின்னு நாட்டுல இருக்குற டாக்டர் சங்கங்களை எல்லாம் கூட்டி சென்னை டிக்ளரேஷன்னு ஒன்னு கொண்டு வந்தாங்க. ஒரே நாள்ல எல்லாத்தையும் தடை பண்ண வேணாம், நம்ம நாட்டுல நடக்கக்கூடியத படிப்படியா பண்ணுவோம்ங்கற லைன். அதுக்குப் பிறகு தான் சில மருந்த சீட்டு இல்லாம விக்கறத கட்டுப்படுத்துற ஷெட்யூல் எச்1 எல்லாம் வந்துச்சு. நம்ம ஊர் பேர்லயே இருக்குற ஒரு டிக்ளரேஷன், வைவால கேட்டா பத்துல ஒருத்தனுக்கு தெரிஞ்சா பெருசு.

இப்ப வார்டுக்கு வருவோம். ரெண்டாம் வருஷத்துல என்கிட்ட படிச்ச பையன் ஹவுஸ் சர்ஜனா, அதாவது பயிற்சி டாக்டரா, சிஆர்ஆர்ஐ போஸ்டிங்ல நிக்கிறான். அட்மிஷன் நைட். காய்ச்சல், வயித்து வலின்னு ஒரு பேஷண்ட். கேஸ் ஷீட்ல இன்ஜெக்ஷன் செஃப்ட்ரியாக்ஸோன் 1 கிராம் ஐவி பிடி, இன்ஜெக்ஷன் மெட்ரோ 500 டிடிஎஸ், இன்ஜெக்ஷன் பேன்டோ 40. ரெண்டு ஆன்ட்டிபயாட்டிக், ஒரு அசிடிட்டி ஊசி. பேனா தானா ஓடும். ஏன்டா இதுன்னு கேட்டா மேல்படிப்பு படிக்கிற பிஜி டாக்டர் சொன்னாரும்பான், பிஜிய கேட்டா யூனிட் ப்ரோட்டோகால்ம்பாரு, ப்ரோட்டோகால் எங்க எழுதி இருக்குன்னு கேட்டா சீஃப் எப்பவும் அத தான் போடுவாரும்பாங்க. சீஃப்கிட்ட போய் கேக்குற தைரியம் யாருக்கும் கிடையாது, எனக்கே கிடையாதுன்னு வச்சுக்கோங்களேன். மறுநாள் காலைல ரவுண்ட்ஸ்ல அந்த ஷீட்ல மூணே எழுத்து, சிஎஸ்டி. கன்டினியூ சேம் ட்ரீட்மென்ட். அதுக்கு மறுநாளும் சிஎஸ்டி. எந்த வார்டுல வேணா போய் பாருங்க, சிஎஸ்டி சிஎஸ்டின்னு வரிசையா இறங்கி டிஸ்சார்ஜ்ல முடியும், நடுவுல ஒரு நாள் கூட இத நிறுத்தலாமா, மாத்திரையா மாத்தலாமா, எதுக்கு ஆரம்பிச்சோம்னு ஒரு வரி இருக்காது. மெடிக்கல் காலேஜ்கள்ல வேலை பாக்குற டாக்டருங்க ஆன்ட்டிபயாட்டிக் எழுதும்போது எதுக்குன்னு காரணத்தையும் சேத்து எழுதணும்னு மத்திய சுகாதாரத் துறையோட டைரக்டர் ஜெனரல் ஆபீஸ்ல இருந்து 2024 ஜனவரில லெட்டரே போட்டாங்க. லெட்டர் நோட்டீஸ் போர்டுல இருக்கும், சிஎஸ்டி ஷீட்ல இருக்கும்.

சர்ஜரி பக்கம் இன்னும் மோசம். ஆபரேஷனுக்கு முன்னாடி தொற்று வராம இருக்க போடுற ஆன்ட்டிபயாட்டிக், அதான் ப்ரொஃபிலாக்ஸிஸ், கத்தி வைக்கறதுக்கு முந்தின ஒரு மணி நேரத்துக்குள்ள ஒரு டோஸ், பெரும்பாலும் செஃபசோலின், ரொம்ப நீண்டா இன்னொரு டோஸ், சுத்தமான கேஸ்னா அதோட முடிஞ்சது. இத கேள்வியா கேட்டா எல்லாருக்கும் தெரியும். அதே பையன் போஸ்ட் ஆப்ல தையல் பிரிக்கிற வரைக்கும் ஊசி எழுதிட்டு இருப்பான். எழுதலன்னு வைங்க, காயத்துல சீழ் வச்சா யாரு மேல பழி விழும்? எழுதினவனை யாரும் கேக்க மாட்டாங்க, எழுதாதவனத் தான் நிக்க வச்சு கேப்பாங்க. இந்த கணக்கு அவனுக்கு மொத மாசத்துலயே புரிஞ்சிடுது. இத மாத்தாம போஸ்டர் ஒட்டி என்ன பிரயோஜனம்.

எங்க லேபுக்கு வர்ற சாம்பிளைப் பாத்தா வார்டுல என்ன நடக்குதுன்னு அப்படியே சொல்லிடலாம். பிளட் கல்ச்சர் பாட்டில் வரும். பெரியவங்களுக்கு ஒரு பாட்டிலுக்கு எட்டுல இருந்து பத்து எம்எல் ரத்தம் வேணும், ரெண்டு செட் வேணும், ஆன்ட்டிபயாட்டிக் போடறதுக்கு முன்னாடி எடுக்கணும். வர்றது ஒரே பாட்டில், உள்ள தூக்கிப் பாத்தா ரெண்டு மூணு எம்எல் ரத்தம், ஃபார்ம்ல நோய் என்னங்கற எடத்துல "காய்ச்சல்", என்ன ஆன்ட்டிபயாட்டிக் ஓடுதுங்கற எடம் காலி. ஃபோன் பண்ணி கேட்டா "ரெண்டு டோஸ் போயிருக்கு மேம்". மூணு நாள் கழிச்சு நாங்க நோ க்ரோத்னு குடுப்போம், அத வச்சு அங்க என்ன பண்ண முடியும், சிஎஸ்டி தான். ஸ்பூட்டம், அதாவது நெஞ்சு சளின்னு வர்ற டப்பால பாதி எச்சில். ஸ்லைடு போட்டு லோ பவர்ல பாத்தா ஒரு ஃபீல்டுல பத்துக்கு மேல ஸ்குவாமஸ் செல், வாயோட உள்பக்கத் தோல் செல், இருந்தா அது வாய்ல இருந்து வந்தது, நெஞ்சுல இருந்து வந்ததில்ல, ரிஜெக்ட். ரிஜெக்ட் பண்ணா வார்டுல இருந்து சண்டைக்கு வருவாங்க. யூரின் கத்தீட்டர் பைல இருந்து ஊத்தி அனுப்புறதும் உண்டு, அதுல எது வேணா வளரும். இந்த சாம்பிள் எல்லாத்தையும் எடுக்குற கை யாரோடது? ஹவுஸ் சர்ஜனோடது, நர்சிங் ஸ்டூடண்டோடது. ஆன்ட்டிபயாட்டிக் பொறுப்புன்னா டாக்டர் சீட்டு எழுதறது மட்டும்னு நெனைக்கிறோம், அதுல பாதி இந்த பாட்டில்ல இருக்கு, அதுக்கு கூகுள் ஃபார்ம்ல ஒரு கேள்வி கூட இல்ல.

ரிப்போர்ட் போனாலும் படிக்கத் தெரியணுமே. எந்த மருந்து கேக்கும்னு சொல்ற சென்சிடிவிட்டி ரிப்போர்ட்ல இப்பல்லாம் மெஷின்ல இருந்து எம்ஐசி நம்பரோட வருது, கிருமி வளராம நிறுத்த எவ்ளோ கம்மி மருந்து போதும்ங்கற அளவு அது. ஒவ்வொரு மருந்துக்கும் நேரா ஒரு நம்பர், பக்கத்துல எஸ், ஐ, ஆர்னு எழுத்து. எஸ்னா கேக்கும், ஆர்னா கேக்காது, ஐ நடுவுல. பசங்க என்ன பண்றாங்கன்னா எந்த நம்பர் சின்னதோ அது தான் பவர்ஃபுல்னு எடுத்துக்குறாங்க. ஒரு யூரின் ரிப்போர்ட், ஈ.கோலை, சிப்ரோஃப்ளாக்ஸசின் 0.5, நைட்ரோஃப்யூரன்டாயின் 16. எத போடுவன்னு கேட்டா முக்காவாசி பேர் சிப்ரோ. 0.5 எங்க, 16 எங்க மேம்னு என்னையே திருப்பிக் கேப்பான். தங்கத்த கிராம்லயும் வெங்காயத்த கிலோலயும் நிறுத்துட்டு எது கம்மின்னு கேக்குற கதை தான் இது. சிப்ரோவுக்கு 0.25 வரைக்கும் தான் எஸ், 0.5 வந்தாலே எஸ் இல்ல. நைட்ரோஃப்யூரன்டாயினுக்கு 32 வரைக்கும் எஸ், ஆக 16ங்கறது தாராளமா வேலை செய்யும், அதுவும் சாதாரண நீர்க்கடுப்புக்கு அஞ்சு நாள் மாத்திரை போதும், வெலையும் கம்மி. ஒவ்வொரு மருந்துக்கும் எஸ்ஸா ஆரான்னு பிரிக்கிற அதோட சொந்த எல்லை, பிரேக்பாய்ண்ட், ஒரு வரிசைய இன்னொரு வரிசையோட ஒப்பிடவே கூடாது. இத ஒரு மணி நேரம் உக்கார வச்சு நாலு ரிப்போர்ட்டக் கைல குடுத்து படிக்க வச்சா ஆயுசுக்கும் மறக்க மாட்டான். பதிலுக்கு நாம அவன கிருமி வளக்குற முல்லர் ஹின்டன் அகாரோட காம்போசிஷன் எழுதச் சொல்றோம்.

எஸ்ஸ பாத்ததும் இருக்கறதுலயே பெரிய மருந்தை தூக்கறது அடுத்த வியாதி. மெரோபெனம் எஸ், அமிகாசின் எஸ், கோட்ரைமாக்ஸசோல் எஸ்னு வந்தா கை மெரோபெனத்துக்கு தான் போகும். இதுக்கு தான் 2017ல உலக சுகாதார நிறுவனம் அவேர்னு ஒரு பிரிப்பு கொண்டு வந்தாங்க. ஆக்சஸ், வாட்ச், ரிசர்வ். மொதல்ல கை வைக்க வேண்டியது ஆக்சஸ், யோசிச்சு எடுக்க வேண்டியது வாட்ச், வேற வழியே இல்லன்னா ரிசர்வ். அமாக்ஸிசிலின் ஆக்சஸ், கோலிஸ்டின் ரிசர்வ். நம்ம மெடிக்கல் ஷாப்ல "அண்ணே, காச்சல் சளிக்கு ரெண்டு வேளைக்கு ஒரு செட் குடுங்க"ன்னு கேட்டா பேப்பர் கவர்ல மடிச்சு குடுக்குறாங்களே, ஒரு பாரசிட்டமால், ஒரு செட்ரிசின், ஒரு செஃபிக்சிமோ அசித்ரோவோ, அந்த மூணாவது மாத்திரை ரெண்டுல எதுவா இருந்தாலும் வாட்ச். உலகமே யோசிச்சு எடுங்கன்னு சொல்ற மருந்து நம்ம தெருவுல செட்டுல வருது.

பார்மசி பசங்களுக்கு கிளாஸ் எடுக்கும்போது இது ரொம்ப சங்கடமான எடம். சட்டம் அவங்களுக்கு மனப்பாடம். 2014 மார்ச் 1ல இருந்து ஷெட்யூல் எச்1, மொத்தம் 46 மருந்து, செஃபிக்சிம் மாதிரி மூணாம் தலைமுறை செஃபலோஸ்போரின், கார்பபெனம் எல்லாம் அதுல இருக்கு, டாக்டர் பேரு, பேஷண்ட் பேரு, மருந்து, எண்ணிக்கை எல்லாம் தனி ரெஜிஸ்டர்ல எழுதி மூணு வருஷம் வச்சிருக்கணும். 2016ல அட்டைல செவப்புக் கோடு பாத்து வாங்குங்கன்னு பிரச்சாரம் வேற. இதே பையன் சாயங்காலம் செலவுக்காக ஒரு கடைல நிப்பான். கவுண்டர்ல கூட்டம், முதலாளி பின்னாடி இருந்து "குடுத்து விடுறா தம்பி"ம்பாரு. அவன் என்ன சொல்லணும்னு நான் கிளாஸ்ல பாடம் எடுக்கறது? கேரளால 2024ல ஆபரேஷன் அம்ருத்னு கடை கடையா திடீர்னு ரெய்டு அடிச்சு, சீட்டு இல்லாம வித்தவங்க மேல நடவடிக்கை எடுத்து, ஆன்ட்டிபயாட்டிக்க நீலக் கவர்ல தான் குடுக்கணும்னு கொண்டு வந்தாங்க. முதலாளிக்கே பயம் வந்தா தான் தம்பிக்கு பேச்சு வரும். கடைசில நிக்கிற சம்பளக்கார பையன் மேல மொத்த பொறுப்பையும் தூக்கி வைக்கிற பாடம் எனக்கு ஒப்பல.

நர்சிங் பசங்க பத்தி யாருமே பேசறதில்ல, எனக்கு அதுல தான் பெரிய வருத்தம். ஒரு நாளைக்கு நாலு தடவை மருந்து கைல எடுக்கறது அவங்க. ஆறு மணி டோஸ் எட்டு மணிக்கு போச்சா, வான்கோமைசினை ஒரு மணி நேரமாவது ஓட விடாம சட்டுனு தள்ளினாங்களா, ஒரு பெட்ல இருந்து அடுத்த பெட்டுக்கு போகும்போது கை கழுவினாங்களா, கத்தீட்டர் தேவை முடிஞ்சும் போட்டபடியே கெடக்கா, எல்லாம் அவங்க கண்ணுல படறது. கிருமி கைல தான் நடந்து போகுது, ரெசிஸ்டன்ட் க்ளெப்சியெல்லா ஒரு ஐசியூ முழுக்க பரவறதுக்கு புது மருந்து எழுதணும்னே இல்ல, கை கழுவாத ரெண்டு பேர் போதும். ரவுண்ட்ஸ்ல ஒரு ஸ்டாஃப் நர்ஸ் "சார், இன்னிக்கு ஏழாவது நாள், தொடரணுமா"ன்னு ஒரு வார்த்தை கேட்டா சிஎஸ்டி சங்கிலி அங்கயே அறுந்துடும். கேக்கலாம்னு அவங்களுக்கு யாரும் சொல்லிக் குடுக்கல, கேட்டா என்ன ஆகும்னு மட்டும் சீனியர் சிஸ்டர் சொல்லிக் குடுத்திருப்பாங்க.

நாள் கணக்குன்னதும் ஞாபகம் வருது. கூகுள் ஃபார்ம்ல எப்பவும் ஒரு கேள்வி வரும், உடம்பு சரியானதும் ஆன்ட்டிபயாட்டிக்க நிறுத்தலாமா, இல்ல கோர்ஸை முடிக்கணுமா? கோர்ஸை முடிக்கணும்னு டிக் அடிச்சா மார்க். ஏன்னு கேட்டா "பாதியில நிறுத்தினா ரெசிஸ்டன்ஸ் வரும்". டிபிக்கு இது நூறு சதவீதம் உண்மை, ஆறு மாசம்னா ஆறு மாசம், ஒரு நாள் பேரம் கிடையாது. மத்ததுக்கெல்லாம் கதை மாறிட்டு வருது. 2017ல பிஎம்ஜேங்கற பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல ஒரு கட்டுரை வந்து பெரிய விவாதமே நடந்துச்சு, தேவைக்கு மேல நீட்டுறது தான் உடம்புல இருக்குற மத்த பாக்டீரியாவ ரெசிஸ்டன்ட் ஆக்குதுன்னு. நிமோனியால தேறி வர்ற ஆளுக்கு அஞ்சு நாள் போதும்னு ட்ரையல் இருக்கு, சிக்கல் இல்லாத கிராம் நெகட்டிவ் பாக்டீரீமியாவுக்கு, அதாவது ஈ.கோலை மாதிரி கிருமி ரத்தத்துல கலந்ததுக்கு, பதினாலு நாளுக்கு பதிலா ஏழு நாள் போதும்னு இருக்கு. இதுக்காக பேஷண்ட் தன் இஷ்டத்துக்கு நிறுத்தலாம்னு அர்த்தம் இல்ல, எழுதற டாக்டர் மொதல்லயே கம்மி நாள் எழுதணும்னு அர்த்தம். சர்வேல அந்த கேள்வி இன்னும் பழைய விடையோடயே தான் ஓடுது. விஷயம் தெரிஞ்ச பையன் அதுல டிக் அடிக்க யோசிச்சான்னா அவனுக்கு மார்க் போயிடும்.

2019ல உலகத்துல 12.7 லட்சம் பேர் நேரடியா ரெசிஸ்டன்ட் கிருமியால செத்தாங்க, அது கூட சேந்து நடந்த சாவுன்னு பாத்தா 49.5 லட்சம், லான்செட்ல 2022ல வந்த கணக்கு. இத மொத ஸ்லைடுல போட்டு தான் எல்லா கெஸ்ட் லெக்சரும் ஆரம்பிக்கும். பசங்க கொட்டாவி விடுவாங்க. பயமுறுத்தி யாரும் திருந்தினதா நான் பாக்கல.

நான் இப்ப ப்ராக்டிகல்ல ஒரு வேலை பண்றேன். கேஸ் குடுக்கும்போது நடுவுல ஒன்னு ரெண்டுக்கு சரியான விடையே "ஆன்ட்டிபயாட்டிக் வேணாம்". எழுபது வயசு பாட்டி, இடுப்பு எலும்பு முறிஞ்சு படுத்திருக்காங்க, கத்தீட்டர் இருக்கு, காய்ச்சல் இல்ல, அடிவயித்து வலி இல்ல, நல்லா பேசுறாங்க, யூரின் கல்ச்சர்ல ஈ.கோலை ஒரு லட்சத்துக்கு மேல. என்ன பண்ணுவ? பேனாவ புடிச்சிட்டு முழிப்பாங்க பாருங்க. ரிப்போர்ட்ல கிருமி பேரு இருக்கு, எத்தனை எஸ் இருக்கு, ஒன்னும் எழுதாம எப்படி மேம் விடறது? இது அறிகுறி இல்லாத பாக்டீரியூரியா, யூரின்ல கிருமி இருக்கு ஆனா தொந்தரவு இல்ல, கர்ப்பிணி இல்ல, யூராலஜி ப்ரொசீஜர் எதுவும் ப்ளான்ல இல்ல, அப்ப ட்ரீட் பண்ணக் கூடாது, கத்தீட்டர் இன்னும் தேவையான்னு பாக்கணும், அவ்ளோ தான் விடை. படிச்ச பசங்க கூட பயந்து போய் கடைசி வரில ஒரு நைட்ரோஃப்யூரன்டாயின சொருகிடுவாங்க, மேம் எதாவது எதிர்பாப்பாங்கன்னு. ஒன்னும் எழுதாம விட்டா அது தெரியாததால விட்டது, எழுதினா தான் படிச்சவன்னு பன்னெண்டாவதுல இருந்து பழக்கி வச்சிருக்கோமே.

போன பேட்ச்ல ஒரு பொண்ணு சரியா எழுதியிருந்தா. வைவால கூப்பிட்டு கேட்டேன், விளக்கமா சொன்னா. சொல்லிட்டு அவளே ஒன்னு கேட்டா, "மேம், இங்க மார்க் போடுறீங்க. எங்க ஊர்ல நான் கிளினிக் போட்டு, சளின்னு வர்ற குழந்தைக்கு ஒன்னும் எழுதாம அனுப்பினா அவங்க அப்பா பஸ் ஸ்டாண்ட் டாக்டர்கிட்ட போய் ஊசி போட்டுட்டு போயிடுவாரே, அப்புறம் என்கிட்ட யார் வருவா?" நியாயமான கேள்வி. அதுக்கு கிளாஸ்ல விடை கிடையாது, பேச்சுல தான் இருக்கு. ஒன்னும் இல்ல போங்கன்னு அனுப்பினா எந்த அப்பனுக்கும் கோவம் வரும். நெஞ்ச வச்சு கேட்டேன், மூச்சு நல்லா இருக்கு, இது வைரஸ், காய்ச்சல் மூணு நாள் இருக்கும், இருமல் ரெண்டு வாரம் கூட இழுக்கும், பாரசிட்டமால் எடைக்கு இவ்ளோ குடுங்க, மூச்சு வாங்கினா, பால் குடிக்கலன்னா, மூணு நாள் தாண்டியும் காய்ச்சல் விடலன்னா ராத்திரி ஆனாலும் கூட்டிட்டு வாங்கன்னு ஒரு சீட்டுல எழுதி கைல குடுத்துப் பாரு, பாதி பேர் திரும்ப உன்கிட்ட தான் வருவாங்கன்னேன். மீதி பாதி? போவாங்க தான். அத மறைக்கல அவகிட்ட.

அன்னிக்கே பசங்கள ஜோடி ஜோடியா நிக்க வச்சு ஒருத்தன் டாக்டர், ஒருத்தன் கோவக்கார அப்பான்னு பேச விட்டேன். அப்பா வேஷம் போட்டவன் எல்லாம் பின்னி எடுத்துட்டான், "என்ன டாக்டரு நீங்க, ஒரு ஊசி கூட போட மாட்றீங்க, முன்னூறு ரூவா ஃபீஸ் எதுக்கு"ன்னு. டாக்டர் வேஷம் போட்டதுல முக்காவாசி ரெண்டே நிமிஷத்துல அமாக்ஸிசிலின் எழுதிட்டாங்க. இத எல்லா பேட்ச்சுக்கும் லாக் புக்ல ஒரு செஷனா சேத்துடலாம்னு டிபார்ட்மென்ட் மீட்டிங்ல சொன்னேன், நேரம் எங்க இருக்கு, போஸ்டர் காம்பெடிஷனோட சேத்து வச்சிடுங்கன்னுட்டாங்க.